காசு கட்டிக் கூலி வேலை

ஸ்காபரோ
நவம்பர், இரண்டாம் கிழமை

அன்புள்ள மச்சான்,

அங்கே மழை தொடங்கிவிட்டதாகவும் வள்ளங்களைக் கரையேற்றிவிட்டதாகவும் தங்கச்சி சொன்னாள். இங்கேயும் அதே அலுவல்தான் நடந்து முடிந்தது. ஆனால் எங்கட ஆக்கள் அரை நாளில் முடிக்கிற காரியத்தை இவர்கள் ஒரு மாதத் திருவிழாவாக்கி, அதற்குக் கூட்டம், குழு, சாப்பாடு, பரிசளிப்பு எல்லாம் வைத்திருக்கிறார்கள்.

"ஊரில் வள்ளத்தில் ஏறச் சொன்னால் சத்தி வரும் என்று ஓடி ஒளிந்தவன் நீ, கனடாவில் பாய்ப்படகுக் கிளப்பில் என்ன செய்கிறாய்?" என்று போனில் கேட்டாய். ஞாயமான கேள்வி. என்னோடு வேலை செய்கிற ஒரு மனிசன் முப்பதடிப் படகு ஒன்று வைத்திருக்கிறான். கோடை முழுக்கப் புதன்கிழமை பின்னேரங்களில் போட்டி. காற்றுப் பலத்தால் படகு ஒரு பக்கம் சரியும். அப்போது மற்றப் பக்க விளிம்பில் நாலைந்து பேர் காலைத் தொங்கப்போட்டபடி குந்தியிருக்க வேண்டும். அதற்குத்தான் ஆள் தேடினான். படகோட்டத் தெரியுமா, நீந்தத் தெரியுமா, ஒன்றும் கேட்கவில்லை. "எத்தனை கிலோ?" என்று மட்டும் கேட்டான். இந்த நாட்டில் என் வண்டியை ஒரு தகுதியாக மதித்த முதல் ஆள் அவன்தான்.

ஏரி என்று நான் எழுதினால் நீ வல்லைவெளித் தண்ணியை நினைக்கக் கூடாது. ஒன்ராறியோ ஏரி 311 கிலோமீற்றர் நீளம், 85 கிலோமீற்றர் அகலம், ஆழமான இடத்தில் 244 மீற்றர். அக்கரை தெரியாது. உப்பில்லையே தவிர மற்றதெல்லாம் கடல்தான். பிரிம்லி ரோட்டின் தெற்கு முனையில் செங்குத்தாக இறங்கினால் எங்கட கிளப். முதுகுப்பக்கம் மண்பாறைச் சுவர், சில இடங்களில் 90 மீற்றர் உயரம். இதைப் பார்த்துத்தான் 1793இல் அப்போதைய துணைநிலை ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோவுக்கு இங்கிலாந்திலுள்ள ஸ்காபரோவின் ஞாபகம் வந்ததாம். ஊருக்கு அதே பெயர் நிலைத்துவிட்டது. இப்போது அந்தச் சுவருக்கு மேலே கொத்துரொட்டிக் கடைகள், கீழே கொமடோர்.

கொமடோர் என்றால் கடற்படைக்காரன் இல்லை, கிளப் தலைவர். எங்கட கொமடோர் குழாய் திருத்துகிறவர். விழா நாட்களில் பித்தளைப் பொத்தான் வைத்த கடுநீலக் கோட்டுப் போடுவார். மற்ற நாட்களில் கிளப்பின் கழிவறை அடைத்தால் அவரே கையை விட்டு எடுப்பார். அவருக்குக் கீழே உப கொமடோர், அதற்குக் கீழே இன்னொரு கொமடோர். பதவி முடிந்தவர்கள் 'முன்னாள் கொமடோர்' என்று சாகும்வரை அழைக்கப்படுவார்கள். 1852இல் தொடங்கிய றோயல் கனேடியன் யொட் கிளப் என்று ஒன்று ரொறன்ரோத் தீவில் இருக்கிறது. அங்கே இப்படி யாரும் கையை விடமாட்டார்கள் என்று நினைக்கிறேன். எங்கடது தன் கையே தனக்குதவி என்கிற கிளப். சந்தாவும் கட்டவேண்டும், வருஷத்துக்கு இத்தனை மணித்தியாலம் என்று சிரமதானமும் செய்யவேண்டும். செய்யாவிட்டால் தண்டம். இதை மனிசிக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன். "காசும் கட்டிக் கூலி வேலையும் செய்கிற ஆக்களை இப்பதான் கேள்விப்படுகிறேன்" என்றாள். பிறகு அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

இவர்களின் பெரிய விசரைக் கேள். சோளகம் எப்போது ஓயும், வாடை எப்போது விழும் என்று உன் ஐயா விரல்விட்டுச் சொல்லுவார். இங்கே அப்படி ஓர் ஒழுங்கில்லை. யூலை மாதம் வெயில் எரிக்கும், பாய் துணிமாதிரித் தொங்கும், நாங்கள் நடு ஏரியில் இலையான் அடித்துக்கொண்டிருப்போம். செப்ரெம்பர் பிறந்து மேலே குளிர்காற்று இறங்கும்போது, கோடைச் சூட்டைத் தண்ணி இன்னும் விடாமல் வைத்திருக்கும். மேலே குளிர், கீழே சூடு; அப்போதுதான் காற்றுக்கு உயிர் வரும். படகு சீறிக்கொண்டு ஓடும். சரியாக அந்த நேரம் பார்த்து, "போதும், படகுகளை வெளியே தூக்குவோம்" என்று அறிவித்தல் ஒட்டுவார்கள்! கேட்டால், கிரேன் அன்றைக்குத்தான் கிடைக்கும், இன்சூரன்ஸ்காரன் திகதி வைத்திருக்கிறான், நவம்பர்ப் புயல் யாரையும் பார்க்காது என்று மூன்று காரணம் சொல்லுவார்கள். மூன்றும் சரிதான். அதுதான் இன்னும் எரிச்சல்.

தூக்குகிற நாள் ஒக்ரோபரில், ஒரு சனிக்கிழமை. விடிய முதலே எல்லாரும் தலைக்கவசத்தோடு கரையில் நிற்போம். பாய்மரங்களை முந்தின கிழமையே கழற்றிக் கிடத்தியாயிற்று. மரமில்லாத படகுகள் வரிசையில் வந்து சுவரோரம் நிற்கும். கிரேனிலிருந்து இறங்குகிற இரண்டு அகலப் பட்டிகளை, அடிக்கட்டைக்கு முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாகப் படகுக்கு அடியில் விடவேண்டும். பட்டி ஒரு சாண் பிசகினால் படகு மூக்குக்குப்புற விழும். எங்கட படகு மூன்றரைத் தொன்னுக்கு மேல். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைய அடியில் தொங்குகிற ஈயம். அது தண்ணியைவிட்டு எழும்பும்போது ஒருவரும் மூச்சுவிடார். முன்னுக்கு ஒரு கயிறு, பின்னுக்கு ஒரு கயிறு, அவற்றைப் பிடித்துப் படகு சுழலாமல் நடத்திக்கொண்டு போக இரண்டிரண்டு பேர். கிரேன்காரனுக்குக் கையால் சைகை காட்டுவது ஒரே ஒரு ஆள். மற்ற யாரும் கையை அசைக்கக் கூடாது, மூக்கில் இலையான் இருந்தாலும் சரி. அந்த ஒரு ஆள் எழுபது தாண்டிய ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ரீச்சர். மூன்றரைத் தொன்னை அவ சுண்டுவிரலால் இறக்கி, இரும்புத் தொட்டிலில் வைப்பதைப் பார்க்கவேண்டும்.

அன்று காலை மனிசி தமிழ்க்கடைக் கதலிப்பழம் ஒரு சீப்புக் கட்டித் தந்திருந்தாள். படகுக்காரன் அதைக் கண்டதும் முகம் வெளிறிப் போனான். படகில் வாழைப்பழம் ஏற்றினால் கேடாம்! வெள்ளிக்கிழமை பயணம் தொடங்கக் கூடாது, படகுக்குப் பெயர் மாற்றக் கூடாது, மாற்றினால் கடலரசனுக்கு மதுவூற்றிச் சடங்கு செய்யவேண்டும். கோயில் குளம் ஒன்றுக்கும் போகாத மனிசன், பொறியியலாளன், ராகுகாலம் பார்க்கிற எங்களைப் பார்த்துச் சிரிக்கிறவன். பழம் கரையில் இருந்தது. கிரேன்காரன் ஒரு கேடும் வராமல் முழுச் சீப்பையும் சாப்பிட்டு முடித்தான்.

படகு தொட்டிலில் ஏறினதும் அடிப்பக்கத்தைப் பார்த்தால் சின்னச் சின்ன மட்டி, வரிவரியாக, விரல்நகம் அளவு, ஒன்றின் மேல் ஒன்று. சீப்ரா மட்டி என்கிறார்கள். கருங்கடல், கஸ்பியன் கடல் பக்கத்துச் சாதி. கப்பல்களின் அடித்தொட்டித் தண்ணியோடு வந்து, 1988இல் இந்த ஏரிகளில் கண்டுபிடித்தார்களாம். வீசா இல்லை, கடிதமில்லை, ஆங்கிலப் பரீட்சையில்லை; இன்றைக்கு ஏரி முழுக்கக் குடும்பம். தண்ணீர்க் குழாய்களைக்கூட அடைத்துவிட்டன. திட்டித்திட்டி நாங்கள் உயர் அழுத்தத் தண்ணியால் அடித்துக் கழுவுவோம். நீ கேட்க முதல் சொல்லிவிடுகிறேன்: சமைக்கேலாது. அழுக்கெல்லாம் வடிகட்டி வயிற்றில் சேர்த்து வைத்திருக்கிற சாமான்.

அதன் பிறகு எஞ்சினுக்குக் குளிர்கால மருந்து. தண்ணி உறையும்போது ஏறக்குறைய ஒன்பது வீதம் பெருக்கும். குழாய்க்குள் ஒரு கோப்பைத் தண்ணி மிஞ்சினாலும் சனவரியில் இரும்பு பிளந்துவிடும். ஆகவே உறையாத் திரவத்தை வாளியில் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு உறிஞ்சவைத்து, பின்பக்கக் குழாயால் அதே நிறம் வரும்வரை பார்த்திருக்க வேண்டும். நிறம் கல்யாணவீட்டு றோஸ் சர்பத். கிளப் வளவு முழுக்க ஆளாளுக்கு வாளியும் கையுமாகப் படகின் பின்பக்கம் குந்தியிருந்து, "வருகுதா? வருகுதா?" என்று கத்துவார்கள்.

வளவில் ஷார்க் என்கிற இருபத்துநாலடிப் படகுகளும் நிற்கின்றன. ஆஸ்திரியாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த ஜோர்ஜ் ஹின்ரர்ஹோலர், இந்த ஏரியின் குத்து அலைக்கென்றே 1959இல் அக்கரையில் நயாகராவில் வரைந்த படகு. வந்த நாட்டின் காலநிலையைத் திட்டித் தீர்க்காமல் அதற்கேற்ற படகு செய்த ஒரு குடியேறியைக் கண்டது எனக்குச் சந்தோஷம். எங்கட ஆக்கள் நாற்பது வருஷமாகத் திட்டுவதோடு நிற்கிறோம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஒக்ரோபர் இரண்டாம் திங்கள் இவர்களின் நன்றிசொல்லும் நாள். அதையொட்டி ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருகிற விருந்து; பிறகு சில்லிப் போட்டி. சில்லி என்பது அரைத்த மாட்டிறைச்சியும் சிவப்புப் பீன்ஸும் போட்டு மணிக்கணக்கில் அவிக்கிற குழம்பு. மனிசி ஆட்டிறைச்சிக் கறியைக் கொஞ்சம் தடிப்பாக வைத்துச் சில்லி என்று பெயர்கொடுத்து அனுப்பினாள். பீன்ஸ் இல்லை, ஆகவே செல்லாது என்றார் ஒரு நடுவர். ரெக்சஸில் பீன்ஸ் போட்டால்தான் செல்லாது என்று மற்றவர் எழும்பினார். அரைமணி நேரம் வாதம். அதற்கிடையில் மூன்றாவது நடுவர் பாணைத் தோய்த்துத் தோய்த்துப் பாத்திரத்தை வழித்துவிட்டார். சாட்சி இல்லாதபடியால் வழக்குத் தள்ளுபடி. மூன்றாம் பரிசு, ஒரு மரக்கரண்டி.

வழக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. இவர்களுக்கு வழக்காட மெத்த விருப்பம். இடப்பக்கக் காற்றில் வருகிறவன் வலப்பக்கக் காற்றில் வருகிறவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது சட்டம். விடவில்லை என்றால் சிவப்புக் கொடி காட்டி, கரைக்கு வந்து எழுத்தில் முறைப்பாடு. பிறகு மேசையில் உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் படகுகளாக நகர்த்தி விசாரணை. முதலாவதாக வந்தவன் வென்றவனும் இல்லை. ஒவ்வொரு படகுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, நேரத்தைக் கூட்டிக் கழித்து இரவில்தான் முடிவு வரும். பரிசளிப்பு இரவில் நல்லாய் ஓடினவனுக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல், படகை மணலில் ஏற்றினவனுக்கு. பலகையில் அறைந்த உடைந்த காற்றாடி ஒன்று அவனுக்குப் பரிசு. வருஷம் முழுக்க வீட்டு வரவேற்பறையில் வைத்திருக்கவேண்டும்.

பொதுக்கூட்டம் போன கிழமை. மணிக்கூட்டைப் பின்னுக்கு மாற்றியாயிற்று, ஐந்து மணிக்கே இருட்டு. தொட்டில் வைக்கிற இடத்துக்கு எவ்வளவு அறவிடுவது என்று இரண்டு மணித்தியாலம் சண்டை. யாப்பைத் திருத்தவேண்டும் என்று ஒருவர், யாப்பில் இருக்கிறதை முதலில் வாசி என்று மற்றவர். எங்கட பழைய மாணவர் சங்கக் கூட்டம் என்றால் இந்த இடத்தில் ஒரு பகுதி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி வெளியே போய், அடுத்த ஞாயிறு அதே பெயரில் இன்னொரு சங்கம் தொடங்கியிருக்கும். இங்கே உடையவில்லை. இவர்கள் எங்களைவிட நல்லவர்கள் என்று நான் சொல்லமாட்டேன்; திட்டுகிற திட்டு ஒன்றும் குறைவில்லை. ஆனால் யாரோடு முறைத்தாலும், வருகிற வருஷம் உன் படகு அந்தரத்தில் தொங்கும்போது பின்கயிறு அவன் கையில் இருக்கலாம். காசு கொடுத்து வெளியாளை வைத்துத் தூக்குகிற நாளில் இந்தக் கிளப்பும் இரண்டாகும் என்பது என் கணிப்பு.

கூட்டத்தின் முடிவில் குளிர்காலப் பேச்சுக்களுக்குப் பெயர் கேட்டார்கள். ஏரி சும்மா கிடக்கிற மாதங்களில் மாதம் ஒருவர் ஏதாவது சொல்லவேண்டும். பெயர் மாற்றின படகு கரைசேராது என்று படகுக்காரன் திரும்பவும் தொடங்கினான். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஊரில் 1930இல் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை, சின்னப் படகில் உலகத்தைச் சுற்றிவந்த வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று மனைவியின் பெயரை வைத்ததையும், அதை எங்கட வல்வெட்டித்துறை ஆக்கள் ஓட்டிக்கொண்டு சூயஸ், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் எல்லாம் தாண்டி 1938 ஓகஸ்டில் மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்ததையும் எழும்பிநின்று சொன்னேன். ஒரு சத்தமில்லை. பிறகு அந்த ரீச்சர் கேட்டா: "எத்தனை பாய்? என்ன மரம்? அடிக்கட்டையை எப்படிப் பொருத்தினார்கள்?" எனக்கு என்ன தெரியும், நான் எடைக்கு எடுத்த ஆள். கொமடோர் அதற்கிடையில் பெப்ரவரிக்கு நேரே என் பெயரை எழுதிவிட்டார்.

ஆகவே மச்சான், நீ உடனே செய்யவேண்டியது இது. ஐயாவையும் ஊரிக்காட்டுப் பக்கத்தில் இன்னும் இருக்கிற, கப்பலோட்டின பழைய தண்டையல்மாரையும் பிடித்து இருத்தி, மரம், பாய், கயிறு, ஆணி, ஏரா, சுக்கான் எல்லாவற்றையும் கேட்டு எழுது. யாருடைய வீட்டுச் சுவரிலாவது கப்பல் படம் தொங்கினால் கழற்றாமல் போனில் எடுத்து வட்ஸப்பில் அனுப்பு. தை பிறக்க முதல் எனக்கு வந்து சேரவேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்