கல்லும் கன்டெய்னரும்

திருவொற்றியூரில் ஒருவனுக்கு சிறுநீரகக் கல் வந்தால் முதலில் தெருவுக்குத்தான் தெரியும். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பதைப் பார்த்தே பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிட்டார்: "கல்லுதாம்பா. உக்காரவும் வுடாது, படுக்கவும் வுடாது." பிறகு எடுத்த ஸ்கேனும் அக்காவை மீறவில்லை. நாலு மில்லிமீட்டர்.

அதற்குள் வாழைத்தண்டு ஜூஸ் வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பாட்டி, பொங்கலுக்குக் காப்பு கட்டும் சிறுபீளையை இந்த வெயில் காலத்தில் தேடக் கிளம்பினார். காசிமேட்டு மச்சான், "ரெண்டு பீர் வுடு மாமே, கல்லு தானா வந்துடும்" என்றான். அவனுக்குக் கல் கிடையாது. ஆனாலும் என் கல்லுக்காகக் கூடவே குடிக்கத் தயாராக இருந்தான்.

டாக்டர் டைக்ளோஃபெனாக் ஊசி ஒன்றைப் போட்டார். முருகன், மாதா, வடிவுடையம்மன் என்று எல்லோரையும் கூப்பிட்டு முடித்திருந்த எனக்கு, அரைமணியில் சொந்தப் பெயர் ஞாபகம் வந்தது. துறைமுகம் ஜீரோ கேட்டில் ஒரு டிரெய்லர் மக்கர் பண்ணினால் எண்ணூர் வரை வண்டி தேங்குமே, அதே கதைதான் உள்ளேயும்: கல் குழாயை அடைக்க, பின்னால் சிறுநீர் தேங்கி முட்டுவதுதான் வலி. வலிக்கும்போது குடம் குடமாகக் குடித்தால் கல் தள்ளிக்கொண்டு வராது என்றார் டாக்டர். பீரைப் பற்றிக் கேட்டேன். பதிலுக்கு ஒரு பார்வைதான்.

ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் தானே இறங்கிவிடுமாம். காய்ச்சல், குளிர் வந்தாலோ, சிறுநீர் நின்றாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் ஓடி வரவேண்டும். பெரிய கல்லை அதிர்வலையால் உடைப்பார்கள். அந்த மெஷினைச் செய்தது டோர்னியர் என்ற ஜெர்மன் விமானக் கம்பெனி. 1980இல் மியூனிக்கில் முதல் நோயாளிக்கு வைத்துப் பார்த்தார்கள். என் கல்லுக்கு அந்த யோகமில்லை. சிறுநீரை வடிகட்டிக் கல்லைப் பிடித்து வரச் சொன்னார்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து வீட்டில் டீ வடிகட்டி பீரோவுக்குள் போய்விட்டது. சாவி மனைவியிடம்.

இனி நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் ஆட்டோ ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டது. கேபினில் தண்ணீர் பாட்டில், மூடிகூடத் திறக்காமல். புதிதாய் ஞானம் பெற்றவன் சும்மா இருப்பேனா? "நல்லா தண்ணி குடிங்கண்ணே, இல்லேன்னா கல்லு வந்துடும்" என்றேன்.

டிரைவர் முன்னும் பின்னும் நின்ற வண்டிகளைக் காட்டினார். "குடிக்கலாம் சார். வண்டிய வுட்டு எறங்கி எங்க போவேன்? நீ ஓட்றியா?"