லொறி வாங்கப் போற தம்பியிட்ட இருந்து

ஸ்காபரோ

அன்புள்ள அக்காவுக்கு,

"வீட்டை வித்துப்போட்டு லொறி வாங்கித் தெருவில இருக்கப் போறியளாம், உண்மையோ?" எண்டு வாட்ஸ்அப்பில கேட்டிருந்தியள். போனில பதில் சொன்னால் பாதியில அழத் தொடங்கிவிடுவியள் எண்டுதான் எழுதுறன். உண்மைதான். ஆனால் லொறி இல்லை, பிக்கப். உங்கட பாசையில டபுள் கேப். முந்தி மாகாணசபை உறுப்பினர்மார் காலி வீதியில கண்ணாடியை ஏத்தி விட்டுக்கொண்டு போவினமே, அந்தச் சாதி. இது அதிலும் பெரிசு.

தெருவிலயும் இல்லை. பின்னால ஒரு ட்ரெய்லரைக் கொழுவி அதுக்குள்ளதான் சீவியம். கட்டில், குசினி, குளியலறை எல்லாம் உள்ளுக்கு இருக்கு. நிப்பாட்டினாப் பிறகு ஒரு பொத்தானை அமத்தினால் சுவர் வெளிய தள்ளி ஹோல் பெருக்கும். இராமகிருஷ்ணா வீதி அனெக்ஸுகளை விட இடம் கூட, இரண்டு வருச அட்வான்ஸும் கேக்க மாட்டினம். பனிக்கு ரெக்சஸ், அரிசோனாப் பக்கம். வெயிலுக்குத் திரும்பி வருவம், ஏனெண்டால் 12 மாதத்தில 212 நாளுக்கு மேல வெளிய நிண்டால் ஒன்டாரியோ மருத்துவ அட்டை கையை விட்டுப் போயிடும். கடிதம் வர மகளின்ர விலாசம்.

அத்தான் ஹாபரில கிளியரிங் பார்த்த மனுசன், அவருக்கு உடன விளங்கும். கொட்டாஞ்சேனைப் பக்கத்தால துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லொறியளின்ர முதுகில கிறீஸ் பூசின இரும்புத் தட்டு ஒண்டு கிடக்கும். கன்டெய்னர் வைக்கிற ட்ரெய்லரின்ர அடியில நீட்டிக்கொண்டு நிக்கிற முளை அதுக்குள்ள போய்க் கடிக்கும். இதுவும் அதேதான், ஆள் சின்னன். பிக்கப்பின்ர பின்பெட்டிக்குள்ள, பின் அச்சுக்கு மேல கொக்கி. வால்பக்கத்தில கொழுவுற சாதாரண ட்ரெய்லர் தன்ர நிறையில நூற்றுக்கு 10, 15 பங்கைத்தான் வண்டியில சாய்க்கும். இது 20, 25 பங்கைச் சாய்க்கும். அதால ஓட்டத்தில ஆட்டம் குறைவு. ஆனால் அந்தப் பாரம் முழுக்க டிரக்கின்ர முதுகில. டிரக் தெரிவு செய்யிறதெண்டால் அந்த முதுகைத் தெரிவு செய்யிறதுதான்.

இதை விக்கிறவன் சொல்லமாட்டான். நாங்கள் முதலில போன கடையில எங்கட பொடியன் ஒருத்தன், நல்ல மரியாதையான பிள்ளை. "அங்கிள், இது 18,000 றாத்தல் இழுக்கும்" எண்டான். இழுக்கும்தான். சுமக்குமோ எண்டு கேட்டன். திரும்பவும் இழுவையைச் சொன்னான். மூன்றாந்தரம் கேக்க, சீற்றில சூடு வாற சுவிச்சைப் போட்டுக் காட்டினான்.

விடை கதவில கிடக்கு. சாரதிக் கதவைத் திறந்தால் நிலையில மஞ்சளும் வெள்ளையுமாய் ஒரு ஒட்டு. ஆக்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டவே கூடாது எண்டு எழுதியிருக்கும். ஒரே மொடல் டிரக் இரண்டு பக்கத்தில பக்கத்தில நிண்டாலும் இலக்கம் வேறை. தோல் சீற்றும் கூரையில கண்ணாடியும் போட்டது குறையச் சுமக்கும், ஒண்டும் போடாதது கூடச் சுமக்கும். எங்கட சொந்தக்காரர் மாதிரித்தான்.

இனிக் கணக்கு. நாங்கள் பார்த்து வைச்ச ட்ரெய்லர் சாமானோட நிரம்பினால் 16,000 றாத்தல், கிலோவில 7,250. நூற்றுக்கு 22 பங்கு எண்டு வைச்சால் முதுகில 1,600 கிலோ. கொக்கியே 100 கிலோ. நான் 84. ஆக 1,784. அரைத் தொன் எண்டு சொல்லுற எஃப்-150 மாதிரியான வண்டியள் 800 கிலோ அளவில நிண்டிடும், கதைச்சு வேலையில்லை. முக்கால் தொன் டீசல் பார்வைக்கு மிரட்டும். ஆனால் கனக்க மொடலில மொத்த நிறையை 10,000 றாத்தலுக்குள்ள அடக்கிப் பதிஞ்சு வைச்சிருப்பாங்கள். அந்தப் பெரிய எஞ்சினின்ர நிறையும் கழிய, சுமக்க மிச்சம் 1,000 கிலோ வருமோ என்னவோ. ஒரு தொன், பின்னுக்குப் பக்கத்துக்கு ஒற்றைச் சில்லு: நான் பார்த்த ஒட்டில 1,830.

அதில 1,784ஐக் கழியுங்கோ. மச்சாளுக்கு மிச்சம் 46 கிலோ.

46 கிலோவில அவ கடைசியாய் நிண்டது எங்கட கலியாண அல்பத்தில. இதை நான் வாய்விட்டும் சொன்னதால, கொஞ்ச நாள் வீட்டில சமையல் நடக்கேல்லை.

பிறகு குளியலறைத் தராசு குசினிக்கு வந்தது. இடியப்ப உரல், தட்டுகள், துருவலை, பிரஷர் குக்கர், மிளகாய்த்தூள் போத்தல், சாமிப்படம், எல்லாம் தராசில ஏறி இறங்கி கொப்பியில பதிவு. 20 கிலோ சம்பா மூட்டையை எங்க வைக்கிறதெண்டு ஒரு வழக்கு. முன் அலுமாரியில வைச்சால் கொக்கியில பாரம் ஏறும். ஒரேயடியாய்ப் பின்னுக்குத் தள்ளினால் ஓட்டத்தில ட்ரெய்லர் வாலாட்டும். அச்சுக்கு மேல வையும் எண்டன். அச்சுக்கு மேல சோபா. "அப்ப அரிசி இருக்கட்டும், நீங்கள் நில்லுங்கோ" எண்டா. தண்ணித் தாங்கி நிரம்பினால் 200 கிலோவுக்கு மேல வரும், குளிக்காமல் போகலாம் எண்டு ஒரு யோசனை சொன்னன். மகள் போனை வைச்சிட்டா. இப்ப வீட்டுக்கு வாற ஆக்களை நான் மேலையும் கீழையும் பார்த்து மனதுக்குள்ள நிறுக்கிறனாம். ஆரோ முறையிட்டிருக்கினம்.

அம்மியும் தராசில ஏறினது. குழவியோட 17 கிலோ. விட்டிட்டு வா எண்டு பெரியவன் சொன்னான், அவனிட்ட மிக்ஸி இருக்காம். அவனுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. உங்களுக்குத் தெரியும். 83 ஆடிக் கலவரத்தில பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரிக்குள்ள இருந்து, பிறகு லங்கா கல்யாணிக் கப்பலில காங்கேசன்துறைக்குப் போகேக்க எங்கட கையில ஒரு ஷொப்பிங் பாக். ஆரும் நிறுக்கேல்லை. திரும்பி வந்து பார்க்கேக்க வெள்ளவத்தை வீட்டில எரியாமல் நிண்டது அம்மியும் குழவியும்தான். அம்மா அதை விமானத்தில கொண்டுவந்து இறங்க, கஸ்டம்ஸ்காரன் இது என்ன ஆயுதமோ எண்டு கேட்டவன். அம்மி வருது. வேணுமெண்டால் அரிசி இறங்கட்டும்.

ஆகவே ஒற்றைச் சில்லை விட்டிட்டு, பின்னுக்கு நாலு சில்லுக்குப் போனம். ராம் 3500. கம்மின்ஸ் 6.7 லீற்றர் டீசல், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசை. ஜெனரேற்றரளில அத்தான் அந்தப் பேரைப் பார்த்திருப்பார். ஃபோர்டும் ஷெவர்லேயும் எட்டுச் சிலிண்டர். அதுகளும் திறம்தான், எனக்கு இதின்ர சத்தம் பிடிச்சுது. பெட்டி 8 அடி. கட்டைப்பெட்டி எடுத்தால் திரும்பேக்க ட்ரெய்லரின்ர மூலை பின் கண்ணாடியில வந்து முட்டும் எண்டு, நகருற கொக்கி வேறை வாங்கவேணும். இதின்ர ஒட்டில 2,450 கிலோ. மச்சாள் இலக்கத்தைத் தானே குனிஞ்சு வாசிச்சுப்போட்டு, கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டா. பிறகு "இது காணும்" எண்டா.

அகலம் 8 அடி. ஓட்டிப் பார்க்கத் தந்த நாளில கார் கழுவுற இடத்துக்குள்ள விடேல்லை, பின் சில்லு இடிக்குமாம். ரிச்மண்ட்ஹில் பிள்ளையார் கோயிலில இரண்டு கோட்டுக்கு நடுவில நிப்பாட்டேலாமல் கடைசி மூலைக்குப் போய், தேர் முட்டி மாதிரி தனிய நிண்டது. இன்னொரு கூத்து, இது யூரியா குடிக்குது. 2021இல அங்க பசளை இறக்குமதியை நிப்பாட்டிக் கமக்காரர் யூரியாவுக்கு அலைஞ்சினம். இங்க டீசல் மூடிக்குப் பக்கத்தில நீல மூடி, அதுக்குள்ள நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா, மிச்சம் தண்ணி. புகையில உள்ள நைதரசன் ஒட்சைட்டை அடக்கவாம். மைனஸ் 11இல உறைஞ்சு போகுமெண்டு தாங்கிக்குள்ள ஹீற்றரும் பூட்டியிருக்கு. நான் வந்த முதல் மாரிக்கு எனக்கு ஆரும் ஹீற்றர் பூட்டேல்லை.

லைசென்ஸையும் சொல்லவேணும், அத்தான் கேப்பார். ஒன்டாரியோவில எங்கட சாதாரண ஜி லைசென்ஸுக்கு 4,600 கிலோவுக்கு மேல இழுக்கேலாது. ஆகவே 62 வயதில ஏ வகுப்புச் சோதினை: டாக்குத்தரிட்ட மெடிக்கல், எழுத்து, ஓட்டம். பெரிய லொறிக்காரருக்கு 2017இல இருந்து கட்டாயமாக்கின 103.5 மணித்தியாலப் பயிற்சி, எயார் பிரேக் இல்லாத எங்கட கட்டுப்பாடான ஏ வகுப்புக்குத் தேவையில்லை. என்னோட நிண்டதெல்லாம் 25 வயதுப் பொடியள், பஞ்சாபிப் பிள்ளையள் கனபேர். ரிவேர்ஸில ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டவேணும், அதில ஒவ்வொருத்தராய்க் கூம்பை இடிச்சாங்கள். ஹம்டன் லேனில அப்பாவின்ர மொறிஸ் மைனரை, அவர் பக்கத்தில இருந்து ஏசேக்க, ரிவேர்ஸ் எடுத்துப் பழகினவனுக்கு இதென்ன. பாஸ். அதை அத்தானுக்கு வடிவாய்ச் சொல்லுங்கோ.

வெள்ளிக்கிழமை கையெழுத்து. விசா குடுத்தாங்களெண்டால் (அந்தக் கதையை எழுத வெளிக்கிட்டால் கடிதம் முடியாது) வாற வைகாசிக்கு நீங்களும் அத்தானும் வாங்கோ, றொக்கி மலைப் பக்கம் போவம். பின் சீற்றில காலை நீட்டிக்கொண்டு வரலாம். அதுக்கு முதல் ஒரு வேலை. கணக்கு முடிக்க உங்கட இரண்டு பேரின்ர நிறையும் எனக்கு வேணும். பார்மசித் தராசில, செருப்பையும் ஹாண்ட்பாக்கையும் கழட்டி வைச்சுப்போட்டு ஏறுங்கோ. அக்கா, அடையாள அட்டை எடுத்த காலத்து நிறை வேண்டாம், இப்பத்தைய நிறையை அனுப்புங்கோ.

இப்படிக்கு
அன்புத் தம்பி