அகத்தியரை வடக்கே துரத்திய கோடு: கொத்மலைச் சான்றுகளுடன் ஓர் ஆய்வு

இரவு வானிலேயே இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமான அகத்தியரைத் தொலைப்பது எளிதன்று. கொத்மலைத் தோட்டமொன்றின் லயத்து வாசலில், மாசி மாதத்து இரவு ஒன்பது மணிக்கு, பனிமூட்டம் இல்லாத அபூர்வ வேளையில், கையில் ஃபோனுடன் இக்கட்டுரையாளன் அதைச் சாதித்தான்.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் 1972இல் தொடங்கிய வானியல் தரவு மையத்தின் சிம்பாட் தளத்தில் அகத்தியர் என்று தமிழில் தட்டினால் பலனில்லை. கனோபஸ், எச்டி 45348, எச்ஐபி 30438, இவற்றில் எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஆள் வந்துவிடுவார். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று வாழும் சனத்துக்கு இதில் வியப்பென்ன?

பெயரை விட்டு இடத்தைக் கொடுத்துத் தேடியதில்தான் வினை. 6 மணி 23 நிமிடம் 57 வினாடி, −52 பாகை 41 கலை 44 விகலை என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். அந்தக் கழித்தல் குறியை, எங்கள் பள்ளிக்கூடத்து மொழியில் ‘சய’வை, கொப்பியின் நீலக்கோடு விழுங்கிவிட்டது. நான் கூட்டல் குறியான ‘சக’வைப் போட்டுவிட்டேன். தளம் வழக்கமாகத் தேடுவது இரண்டு கலை ஆரத்துக்குள். ஆளோ நூற்றைந்து பாகைக்கு அப்பால். ஆரத்தைப் பத்து மடங்காக்கியும் அவர் வரவில்லை.

சிவன் கலியாணத்தில் வடக்கே தாழ்ந்த பூமியைச் சமன்செய்யத் தெற்கே அனுப்பப்பட்டவர் அகத்தியர் என்பது புராணம். ஒரு சிறு கோடு போனதும் அவரைத் திரும்ப இமயத்துப் பக்கமே ஏற்றிவிட்டேன். ஏழாம் பாகையிலுள்ள கொத்மலையில் தென்வானில் முப்பது பாகை உயரத்தில் நின்றவரை, வடக்கே நாற்பத்து நான்கு பாகையில் கழுத்து நோகத் தேடினேன். பூமி சாய்ந்ததாகத் தகவல் இல்லை.

அடுத்த முயற்சி ஒளியளவு. பிரகாசமானவை மட்டும் போதுமென்று, பூச்சியத்துக்கு மேலுள்ளவற்றைக் கேட்டேன். மங்கல்களெல்லாம் வரிசையில் நிற்க, அகத்தியர் மட்டும் இல்லை. அவருடைய ஒளியளவு −0.74; சிரியஸுக்கு −1.46. இங்கே எண் குறையக் குறைய ஒளி கூடும், வகுப்பில் முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை கணக்குப் போல. முதலாம் பிள்ளையையும் மிஞ்சியவர்கள் பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டார்கள்.

ஆக இரண்டு தவறுக்கும் ஒரே வேர்: சயமென்றால் எனக்கு ஆகாது. சம்பளத் துண்டில் அட்வான்ஸ், தேயிலைத்தூள், சந்தா என்று பிடித்தம் பார்த்து வளர்ந்த கண் அக்கோட்டைக் கண்டாலே தானாக மூடிக்கொள்ளும் என்பது என் துணிபு.

இதற்குத் தம்பியிடமிருந்து ஒரு மறுப்பு வந்தது.

“ஏண்ணே, கரண்ட் பில்லுல மைனஸ் வந்தா நமக்குத்தானே லாபம்?”

பதில் எழுதக் கொப்பியைத் திறப்பதற்குள் பனி இறங்கிவிட்டது.