ஒரு சாண் நகர்த்துங்கள்

கேள்வி: புது கம்ப்யூட்டர். டவர் கூலர் மாட்டியும் சும்மா இருக்கும்போதே பிராசசர் 80 டிகிரி காட்டுகிறது. கூலரைத் திருப்பி மாட்டட்டுமா?

பதில்: திருப்புவதற்கு முன் கழற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். ‘மாட்டும் முன் உரிக்கவும்’ என்ற பிளாஸ்டிக் தாள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? சிரிக்காதீர்கள். நானே அந்தத் தாளோடு மாட்டிவிட்டு இரண்டு நாள் பிராசசரைத் திட்டியவன்தான்.

தாள் இல்லையா? பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் பட்டாணியளவு புதிது வையுங்கள். நெய் ரோஸ்ட் வார்க்கிற தாராளம் இங்கே ஆகாது. திருகுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒன்றை ஒரேயடியாக இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும்.

அடுத்தது திசை. ஃபேனில் சட்டம் தெரிகிற பக்கம்தான் வழக்கமாகக் காற்று வெளியேறும் பக்கம். அது கேஸின் பின்பக்க ஃபேனைப் பார்க்கட்டும்.

உங்கள் பிராசசர் ரைசன் 7000 வரிசை என்றால் ஒரு கூத்து உண்டு. அதில் சூடு கிளம்பும் சில்லுகள் நட்டநடுவில் இல்லை, ஓரமாக இருக்கின்றன. அதற்காகவே தன் கூலர்களை 7 மி.மீ. தள்ளி மாட்டும் பட்டைகளை நாக்டுவா என்ற கூலர் நிறுவனம் விற்கிறது. லாபம் 1 முதல் 3 டிகிரி.

கேஸ் சுவரோடு ஒட்டி நிற்கிறதா? அதை முதலில் ஒரு சாண் நகர்த்துங்கள். செலவு கிடையாது.