உங்கள் ஆற்றில் வெள்ளம் வரவழைப்பது எப்படி?

வெள்ளம் வேண்டும் என்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களே, முதலில் தலையைக் குனியுங்கள். சமாச்சாரம் தரையில் இருக்கிறது. விழுந்த நீரை மண் வாங்கிக்கொள்ளக் கூடாது. ஓடிவரும் நீருக்கு வழி இருக்கக் கூடாது. இதில் ஒன்றை ஏற்பாடு செய்தாலே பாதி வேலை முடிந்தது. மீதி, ஊர்த் தட்பவெப்பத்தின் பொறுப்பு.

பருவமழைக்காரர்களுக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. உள்ளூரில் தூறல்கூடத் தேவையில்லை. ஆடியில் டெல்டா வெயிலில் காய்ந்தாலும் குடகிலும் வயநாட்டிலும் கொட்டினால் காவிரி பெருகும். (நடுவில் மேட்டூர் அணை நிற்கிறது. அது 120 அடியைத் தொடும்வரை பொறுத்திருங்கள்.)

மிதவெப்ப நாட்டுக்காரர்கள் அவசரப்படக் கூடாது. முதலில் மண்ணை நன்றாக ஊறவிடுங்கள். அதன்மேல் ஒரு கனமழை. ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் 2021 ஜூலை 14 அன்று நடந்தது இதுதான். அடித்து வரப்பட்ட மரங்களும் கேரவன்களும் பாலங்களின் கண்களை அடைத்துக்கொள்ள, பாலமெல்லாம் அணையாகிவிட்டன. 130 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆற்றோரம் வீடு கட்டும் கலை பற்றி இந்தக் கையேடு பேசாது. அதற்குத் தனிப் புத்தகமே வேண்டும்.

குளிர்நாட்டில் மழையே வேண்டாம். வடக்கு நோக்கி ஓடும் ஆறாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சைபீரியாவின் லேனா அருமையான தேர்வு: பைக்கால் ஏரியை ஒட்டிய மலையில் பிறந்து ஆர்க்டிக் கடலில் போய் விழுகிறது. வசந்தம் தெற்கேதான் முதலில் வரும். மேலே பனி உருகி நீர் கிளம்பிவிடும். கீழே ஆறு இன்னும் கட்டியாகக் கிடக்கும். உடைந்த பாளங்கள் மிதந்து வந்து, ஒரு வளைவில் சிக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி மதில் எழுப்பிவிடும். பின்னால் வரும் நீருக்கு ஊருக்குள் நுழைவதைத் தவிர வழியில்லை. தரையும் உறைந்திருப்பதால் சொட்டு இறங்காது. 2001 மே மாதம் லென்ஸ்க் நகரம் இப்படித்தான் மூழ்கியது. பாளங்களை உடைக்க ரஷ்ய விமானங்கள் வந்து ஆற்றின்மேல் குண்டு போட்டன. ஒரு அரசாங்கத்தை அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால், உங்கள் கைராசியை யாரும் குறைசொல்ல முடியாது.

பாலைவனத்தில் ஆறு வைத்திருப்பவர்கள் மனம் தளரவேண்டாம். செடிகொடியில்லாத பாறை, வெயிலில் இறுகிய தரை, ஒரே ஒரு இடிமழை. ஓட்டுக்கூரையில் விழுந்ததுபோல நீர் வழிந்து வந்துவிடும். ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரின் டாட் ஆறு பெரும்பாலும் வெறும் மணல்தான். அந்த மணலில் 1962 முதல் படகுப் போட்டி நடத்துகிறார்கள்! அடிப்பாகம் இல்லாத படகுக்குள் நின்று, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புழுதி பறக்க ஓடவேண்டும். 1993-ல் போட்டியை ரத்து செய்தார்கள். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம்.