ஐந்நூறு மைல் கேப்டன்

வருடமெல்லாம் ஆபீஸில் எக்செல் ஷீட்டோடு குடும்பம் நடத்துகிற சாதுவான ஆங்கிலேயர் ஒருவர், கோடை விடுமுறைக்கு ஒரு கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்த மறுகணமே கேப்டன் ஆகிவிடுகிறார். இதற்குத் தேர்வும் கிடையாது, பதவியேற்பும் கிடையாது. சாவி கைக்கு வந்ததும் குரல் தானாகக் கனத்துவிடும். நேற்றுவரை "போகலாமா?" என்று கேட்டவர், இன்று "கிளம்புகிறோம்" என்று அறிவிப்பார். ஜூலை, ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் வடகரைச் சாலைகளில் இவர்களைத் தாராளமாகப் பார்க்கலாம். வேனுக்குப் பின்னால் ஏழெட்டுக் கார்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஊர்ந்து வந்தால், முன்னால் போகிறவர் கேப்டன்.

இவர்களை இழுத்து வருவது நார்த் கோஸ்ட் 500. இன்வர்னெஸ் கோட்டையில் தொடங்கி, மேற்கே போய், கரையைப் பிடித்து வடக்கே ஏறி, கிழக்கே திரும்பி, மறுபடி அதே கோட்டையில் கொண்டுவந்து விடும் 516 மைல் சுற்று. சாலைகளெல்லாம் பழையவை, அவற்றை ஒன்றாகக் கோத்துப் பெயர் சூட்டியது 2015இல். பெயர் இல்லாதவரை அது வெறும் கடலோரம். பெயரும் எண்ணும் வந்தபிறகு முடித்துக் காட்ட வேண்டிய காரியமாகிவிட்டது. கேப்டனின் அட்டவணை பிப்ரவரியிலேயே தயார். கோயில் பிராகாரம்போல வலமாகத்தான் சுற்றுவது என்பது அவருடைய தீர்மானம். "அக்மெல்விக் கடற்கரை, 45 நிமிடம்" என்று ஒரு வரி இருக்கும். அதில் வியப்பதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருப்பார்.

அட்டவணையில் வராத ஒன்று, ரிவர்ஸ் கியர். இந்தச் சுற்றில் பல இடங்களில் சாலை ஒற்றைத் தடம்தான்; ஒரு வண்டி போகும் அகலம். ஆங்காங்கே பலகை வைத்துக் கொஞ்சம் அகலப்படுத்தியிருப்பார்கள். அதன் பெயர் பாசிங் பிளேஸ். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் நம் இடப்பக்கம் இருந்தால் உள்ளே போக வேண்டும். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே நின்று எதிராளியை உள்ளே போகவிட வேண்டும். பின்னால் அவசரக்காரர் வந்தாலும் ஒதுங்கி வழிவிட வேண்டும். படம் எடுக்கவோ பிளாஸ்கைத் திறக்கவோ அங்கே நிறுத்தக் கூடாது. கேப்டன் விதிகளை மனப்பாடம் செய்திருக்கிறார். ஆனால் எதிரே மீன் லாரி வந்து நின்றதும் விதிகள் மறந்து, வாழ்க்கையில் யாருக்கும் வழிவிடாத அவருடைய பூர்வீகம் தலைதூக்கும். லாரிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பேப்பரைப் பிரிப்பார். அப்புறம் என்ன, மனைவி கீழே இறங்கி "வா, வா, வா, நில்!" என்று கையாட்ட, வேன் இருநூறு அடி பின்வாங்கும். பின்சீட்டில் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய கேளிக்கை அந்தப் பயணத்திலேயே கிடையாது.

வழிவிட்டால் நன்றி சொல்வதும் ஒரு கலை. உள்ளூர்க்காரர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க மாட்டார். ஆள்காட்டி விரல் மட்டும் அரை அங்குலம் எழும்பும். கேப்டன் முதல் நாள் ஓட்டுக் கேட்க வந்தவர்போல முழுக்கையையும் ஆட்டுவார். மறுநாள் உள்ளங்கையோடு நிறுத்துவார். அதற்கு மறுநாள் ஒற்றை விரல். "நாமும் இந்த ஊர்க்காரனாகிவிட்டோம்" என்று அன்றிரவு பெருமை வேறு.

மேற்கே ஆப்பிள்கிராஸுக்குப் போகும் பீலக் நா பா கணவாய்தான் கேப்டன்களின் மனசாட்சியைச் சோதிக்கும் இடம். கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டர் வரை, கொண்டை ஊசி வளைவுகளோடு, ஐந்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றம். அடிவாரத்தில் பெரிய பலகை: பழகுநர்களும் பெரிய வண்டிகளும் கேரவன்களும் வர வேண்டாம் என்கிறது. மனைவி அதைச் சத்தமாக வாசிப்பார். கேப்டன் வேனை ஒருமுறை சுற்றிவந்து, "இது பெரிய வண்டியா?" என்று கேட்பார். ஒருவரும் பதில் சொல்லாததே பதில். ஷீல்டெய்க் வழியாகக் கரையோரம் சுற்றிப் போகும் பாதையில் வேன் திரும்பும். "காட்சி இந்தப் பக்கம்தான் நன்றாக இருக்கும்" என்பார், முந்தைய ஐந்து மாதங்களும் கணவாயின் வீடியோக்களைப் பார்த்தவர்.

சாயங்காலம் சமையல் கேப்டனுடைய இலாகா. காற்று நின்ற வேளை பார்த்து அடுப்பைப் பற்றவைப்பார். அதே வேளைக்காகத்தான் மிட்ஜ்களும் காத்திருக்கின்றன. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கடிபூச்சி. கொஞ்சம் காற்று வீசினாலே பறக்க முடியாத சோப்ளாங்கி. காற்று நின்றால் மட்டும் படையெடுப்பு. இதற்கென்று தனியாக முன்னறிவிப்பே வெளியாகிறது. அதையும் அட்டவணையில் ஒட்டிவைத்திருக்கிறார். தலைக்கு வலை மாட்டிக்கொண்டு சாசேஜ் புரட்டுவார். வலையைத் தூக்கினால்தானே சாப்பிட முடியும்? ஒரு கடி உள்ளே போவதற்குள் நாற்பது மிட்ஜ் உள்ளே போய்விடும். வேனுக்குள் பிள்ளைகள், இரவு பத்து மணிக்கும் வெளிச்சமாக இருக்கிறது, எப்படித் தூங்குவது என்று நியாயமான கேள்வி கேட்பார்கள்.

டர்னெஸ் வந்ததும் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல். பீட்டில்ஸ் ஜான் லெனன் சிறுவயதில் கோடை விடுமுறைகளைக் கழித்த ஊர் அது. அவர் பெயரில் ஒரு தோட்டமே இருக்கிறது. 1969 ஜூலையில் அதே லெனன், மனைவி யோகோ ஓனோவையும் ஆளுக்கொன்றாக இரண்டு பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். வடகரையின் ஒடுக்கச் சாலையில் கார் பள்ளத்தில் இறங்கியது. கோல்ஸ்பி ஆஸ்பத்திரியில் அவருக்கு 17 தையல். நொறுங்கிய காரைப் பிற்பாடு வீட்டுத் தோட்டத்தில் காட்சிக்கு வைத்துக்கொண்டார். இதையெல்லாம் கேப்டன் நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டு, "நான் இன்னும் பள்ளத்தில் விடவில்லை, கவனித்தீர்களா?" என்பார்.

ஜான் ஓ'குரோட்ஸ் கைகாட்டிக்கு முன் படம் பிடிக்க வரிசை நிற்கும். பிரிட்டன் நிலப்பரப்பின் வடமுனை இதுவல்ல, டன்னெட் ஹெட்தான் என்று வரிசையில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் விளக்கிவிட்டு, தாமும் படம் எடுத்துக்கொள்வார். விக் ஊரில் எபனேசர் பிளேஸ் இருக்கிறது. 2.06 மீட்டர், உலகத்திலேயே மிகக் குட்டையான தெரு என்று கின்னஸில் ஏறியது. மொத்தமே ஒரு கதவு. அட்டவணைப்படி குறித்த நேரத்துக்கு முன்பே முடிந்த ஒரே நிகழ்ச்சி அதுதான்.

இன்வர்னெஸில் வேனை ஒப்படைக்கும்போதுதான் கேப்டனுக்கு உறைக்கிறது. வலமாகச் சுற்றினால் கடல் எப்போதும் இடப்பக்கம். ஸ்டியரிங் வலப்பக்கம். திமிங்கலம் என்றும் பஃபின் பறவை என்றும் இடப்பக்க ஜன்னலோரம் மனைவி கூவியபோதெல்லாம், அவர் பார்த்தது எதிரே வந்த லாரியைத்தான்.

"அடுத்த வருடம் இடமாகச் சுற்றுகிறோம்" என்றார். "கடல் ஓட்டுகிறவர் பக்கம் வரும்."

"நல்லது," என்றார் மனைவி, சாவியை வாங்கிக்கொண்டே. "அடுத்த வருடம் நான் ஓட்டுகிறேன்."