பத்து ரூபாய்க்கு ஒரு காலிப் பை

காத்திருப்பது காஞ்சிபுரத்துக்காரனுக்குப் பழகிப்போன விஷயம். எங்கள் ஊர் அத்திமரப் பெருமாளான அத்திவரதர் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் இறங்கினால் நாற்பது வருஷத்துக்கு மறந்துவிட வேண்டும். 1979-ல் எழுந்தார். 2019-ல் எழுந்தார். 48 நாள் ஊரையே திக்குமுக்காட வைத்துவிட்டு மறுபடி தண்ணீருக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். கணக்கு சுத்தம். ரிசர்வ் வங்கியின் பிளாஸ்டிக் பத்து ரூபாய்க்குத்தான் அந்த நாணயம் கிடையாது.

அது வரவில்லையே என்ற கவலை எனக்கு இல்லை. தறிக்காரரான என் மாமாவுக்கு உண்டு. அவர் சேர்ப்பது பிளாஸ்டிக் நோட்டுகள். அதிலும் சோதனை நோட்டு என்றால் சோறு தண்ணி வேண்டாம். நோட்டடிப்பவர்கள் மை ஒட்டுகிறதா, மடித்தால் விரிகிறதா என்று பார்க்கக் கொஞ்சம் அடிப்பார்கள். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். அழியாமல் தப்பியதற்குத்தான் கிராக்கி. "புது டிசைனுக்கு சாம்பிள் முந்தி நெஞ்சு பாக்கறோமில்ல, அதுதான்டா இது" என்பார்.

இந்தப் பிளாஸ்டிக் கூத்தைத் தொடக்கிவைத்தவர்கள் கள்ளநோட்டுக்காரர்கள். 1966-ல் ஆஸ்திரேலியா டாலருக்கு மாறியது. வருஷம் முடிவதற்குள் போலிப் பத்து டாலர் கடைக்கு வந்துவிட்டது. அந்நாட்டு ரிசர்வ் வங்கி கவர்னர் கூம்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டு அரசு ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் விஞ்ஞானிகளிடம் போனார். அவர்கள் சாவகாசமாக இருபது வருஷம் எடுத்துக்கொண்டு 1988-ல் பிளாஸ்டிக் பத்து டாலரை நீட்டினார்கள். கல்யாணத்துக்குக் கொடுத்த புடவை ஆர்டர் பேரன் கல்யாணத்துக்கு வந்த மாதிரி.

நடுவில் அமெரிக்கக் கம்பெனி ஒன்று பொறுக்கமாட்டாமல் குறுக்கே புகுந்தது. டூபாண்டின் டைவெக்கில், அதாவது கிழியாத கூரியர் கவர் செய்யும் சரக்கில், 1980-களின் தொடக்கத்தில் ஹைட்டிக்கும் கோஸ்டா ரிக்காவுக்கும் நோட்டு அடித்துக் கொடுத்தது. ஹைட்டி வெயிலில் மை ஈஷிக்கொண்டது. சாயம் போகிற புடவையை விற்றவன் எங்கள் காந்தி ரோட்டில் மறுநாள் கடை திறக்க முடியாது. அந்த நோட்டுக்கோ இன்று சேகரிப்பாளர்களிடம் தனி மரியாதை.

மாமாவின் கையிருப்பில் மகுடம், இலங்கையின் 200 ரூபாய். சுதந்திரப் பொன்விழாவுக்காக 1998-ல் ஆஸ்திரேலியாவில் அச்சடித்தது. தமிழெழுத்து ஏறிய பிளாஸ்டிக். அது வீட்டுக்கு வந்த அன்று அத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். நாற்பது வருஷமாகப் பட்டு நூலை நிமிண்டிய விரல். "இது சுத்தமாங்க? நெருப்பு வச்சுப் பாத்துட்டா தெரிஞ்சிடும். பட்டுன்னா முடி கருகின வாசம் வரும், பாலியஸ்டர்னா உருகி உருண்டையாயிடும்" என்று தீப்பெட்டியை எடுத்தாள். தறிக்குழியிலிருந்து மாமா அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். நம் நோட்டு மரக்கூழ்க் காகிதமே இல்லை, பருத்தி. பட்டுக்காரனுக்கு அதன்மேல் என்றுமே ஒரு இளக்காரம். 2010 வாக்கில் ரிசர்வ் வங்கி நூறு கோடி பிளாஸ்டிக் பத்து ரூபாய்க்கு டெண்டர் விட்டது. 2014-ல் நாடாளுமன்றத்தில் ஊர்ப் பெயரே சொன்னார்கள்: கொச்சி, மைசூர், ஜெய்ப்பூர், சிம்லா, புவனேஸ்வர். மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. வேட்டி மடிப்பில் செருகி வியர்வையில் ஊறப்போடும் ஊர் எதையும் காணோம். அங்கேயே சோதனை தோற்றுவிட்டது என்பது மாமாவின் தீர்ப்பு.

2016 நவம்பர் 8 ராத்திரி புது நோட்டு வரவில்லை. இருந்த ஐந்நூறு, ஆயிரம் நோட்டும் செல்லாமல் போயிற்று. அடுத்த மாதமே பிளாஸ்டிக் நோட்டடிக்க முடிவாகிவிட்டதாக நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. மாமா வாசலில் கோலம் போடச் சொன்னார். அப்புறம் பேச்சு, வார்னிஷ் பூசிய நூறு ரூபாய்ப் பக்கம் திரும்பிவிட்டது. இடையில் 2017-ல் ஒரு சட்டம்: செல்லாத ஐந்நூறு, ஆயிரம் நோட்டுகளை யாரும் பத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது, நாணய ஆராய்ச்சிக்காரர்களென்றால் 25. மாமா தன்னிடம் மிஞ்சியதை வெள்ளிக்கிழமைதோறும் எண்ணி வைக்கிறார், ராத்திரியில் குட்டி போட்டுவிடுமோ என்கிற மாதிரி.

ஆல்பத்தில் கடைசிப் பை காலி. மேலே பென்சிலில் "இந்தியா, 10 ரூ., பாலிமர், சோதனை" என்று எழுதியிருக்கிறது. போன வாரம் புரட்டினால் உள்ளே நாலாக மடித்த பத்து ரூபாய்!

"அதைத் தொடாதடா," அத்தை அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "பூக்காரிக்கு எடுத்து வச்சிருக்கேன்."